குன்னூரிலிருந்து ஹேவ்லாக் வரை: மலையில் இருப்பவர்கள் முதன்முறை தீவுக்குப் போவது எப்படி

என் வீட்டுக்காரர் குன்னூரில் பதினாறு வருடமாக டூரிஸ்ட் டாக்ஸி ஓட்டுகிறார். சிம்ஸ் பார்க், லாம்ஸ் ராக், டால்பின் நோஸ் என்று வருகிறவர்களுக்கெல்லாம் ஊரைச் சுற்றிக் காட்டியவர், தான் ஒரு டூரிஸ்டாக எங்கேயும் போனதில்லை. ஒரு லட்ச ரூபாய்ச் சீட்டு முடிந்து பணம் கைக்கு வந்த அன்று, "கடல் பார்க்கணும், அதுவும் தீவுல போய்ப் பார்க்கணும்" என்றார். அப்படித்தான் அவர், நான், ஒன்பது வயது மகள், எழுபதைத் தாண்டிய மாமியார் என நான்கு பேர் அந்தமானுக்குக் கிளம்பினோம். முதல் தடவை கோயம்புத்தூரிலேயே திரும்பிவிட்டோம். இரண்டாவது தடவைதான் போய்ச் சேர்ந்தோம்.

அந்தமான் பயணக் குறிப்புகள் நிறையப் படித்திருந்தேன். எல்லாம் சமவெளிக்காரர்கள் எழுதியவை. அவர்களுக்குப் பயணம் விமான நிலையத்தில் ஆரம்பிக்கிறது, நமக்கோ மேட்டுப்பாளையத்துக்கு இறங்கும் மலைப்பாதையில் உள்ள பர்லியாறில். அந்த வித்தியாசம் தெரியாமல்தான் முதல் தடவை பணத்தைத் தொலைத்தோம். ஊட்டி, குன்னூர், கோத்தகிரிப் பக்கமிருந்து போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

1. முதலில் மாதத்தை முடிவு செய்யுங்கள்

ஏப்ரல், மே நம் ஊரில் சீசன். டாக்ஸி, காட்டேஜ், ஹோட்டல், வர்க்கி பிஸ்கட்டுக் கடை என்று எந்தத் தொழிலில் இருந்தாலும் அப்போது ஊரை விட்டு நகர முடியாது. ஜூன் முதல் செப்டம்பர் வரை நமக்கு ஓய்வுதான், டிக்கெட்டும் மலிவுதான். ஆனால் அந்தமானில் அது தென்மேற்குப் பருவமழைக் காலம். கடல் கொந்தளிக்கும், தீவுகளுக்கு நடுவில் ஓடும் ஃபெர்ரி நின்றுபோகும். அறைக்குள் உட்கார்ந்து மழையைப் பார்ப்பதற்கு குன்னூரே போதும்.

அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வேறு சிக்கல். வங்கக் கடலில் புயல் உருவாகும் மாதங்கள் இவை. அதே மாதங்களில்தான் வடகிழக்குப் பருவமழை நம் மலைப்பாதையில் மண்ணைச் சரிக்கும். நாங்கள் முதல் தடவை கிளம்பியது நவம்பர் மாதம்.

நமக்குத் தோதான காலம் பொங்கல் கூட்டம் வடிந்த பிறகு, ஜனவரிக் கடைசியிலிருந்து மார்ச் பாதி வரை. மழை குறைவு, கடல் அமைதி, நமக்கும் சவாரி குறைவு. பிள்ளைகளுக்கு நாலைந்து நாள் லீவு சொல்ல வேண்டிவரும். என் மகளின் டீச்சர் ஒரு மாதிரியாகப் பார்த்தார், ஆனாலும் கொடுத்துவிட்டார்.

2. பெயர், இனிஷியல், அடையாள அட்டை

இந்தியக் குடிமக்கள் போர்ட் பிளேர், ஹேவ்லாக், நீல் தீவுகளுக்குப் போகத் தனியாக அனுமதி எதுவும் வாங்க வேண்டாம். பாஸ்போர்ட்டும் தேவையில்லை. வெளிநாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் உறவினர் கூட வந்தால் மட்டும் அவருக்கான விதிகளைத் தனியாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் அடையாள அட்டை விமானத்துக்கும் வேண்டும், ஒவ்வொரு ஃபெர்ரிக்கும் வேண்டும், ஹோட்டலிலும் கேட்பார்கள். குழந்தைகளுக்கும் ஆதார் எடுத்துச் செல்லுங்கள். இரண்டு வயதுக்குள் உள்ள குழந்தை என்றால் பிறப்புச் சான்றிதழும் எடுத்துக்கொள்ளுங்கள். வயதுக்கு ஆதாரம் கேட்பார்கள்.

நம் ஆட்கள் மாட்டிக்கொள்வது பெயரில். என் மாமியார் குடும்பம் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியது. அவருடைய ஆதாரில் ஒரு எழுத்துக்கூட்டல், வாக்காளர் அட்டையில் ஒன்று, ரேஷன் கார்டில் இன்னொன்று. ஒன்றில் அப்பா பெயரின் முதலெழுத்து இனிஷியல், இன்னொன்றில் கணவர் பெயரின் முதலெழுத்து. நீலகிரியில் இப்படி எத்தனையோ வீடுகள் உண்டு. எங்களுக்கு டிக்கெட் போட்ட ஏஜெண்ட் எந்த அட்டையையும் பார்க்காமல், வாயால் சொன்ன பெயரைத் தட்டிவிட்டார். அதைச் சரிசெய்யவே விமான நிறுவனத்தோடு மூன்று நாள் போனில் மல்லுக்கட்டினோம்.

இதற்கு எளிய வழி உண்டு. ஆளுக்கு ஒரே ஒரு அட்டையைத் தேர்ந்தெடுங்கள். அதில் இருக்கும் எழுத்துகளை அப்படியே, ஒன்றுகூட மாற்றாமல், விமான டிக்கெட்டிலும் ஃபெர்ரி டிக்கெட்டிலும் போடுங்கள். பயணம் முழுக்க அந்த அட்டையையே காட்டுங்கள். டிக்கெட் படிவத்தில் கடைசிப் பெயர் என்று ஒரு கட்டம் கேட்கும். நமக்கு அப்படி ஒன்று இல்லை. வெறும் இனிஷியலை ஏற்காவிட்டால், அந்த விமான நிறுவனம் சொல்லும் முறையைக் கேட்டு அதன்படி நிரப்புங்கள், ஊகித்துப் போடாதீர்கள். ஆதாரையே திருத்துவதாக இருந்தால் டிக்கெட் போடுவதற்கு இரண்டு மாதம் முன்பே செய்யுங்கள். பெயரை வாழ்நாளில் இரண்டு தடவைதான் மாற்ற விடுவார்கள்.

இன்னொன்று: ஊர்ப் பெயர்கள் மாறியிருக்கின்றன. ஹேவ்லாக் 2018-ல் ஸ்வராஜ் தீவு ஆனது, நீல் ஷஹீத் தீவு ஆனது, போர்ட் பிளேர் 2024-ல் ஸ்ரீ விஜயபுரம் ஆனது. ஒரு டிக்கெட்டில் பழைய பெயரும் இன்னொன்றில் புதுப் பெயரும் இருந்தால் பதறாதீர்கள், அது அதேதான்.

3. மலை இறங்குவதற்கு ஒரு நாள் ஒதுக்குங்கள்

நவம்பரில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். கோயம்புத்தூரிலிருந்து காலை விமானம், சென்னையில் மாறி போர்ட் பிளேர். விடியற்காலை இரண்டரைக்கு வீட்டை விட்டுக் கிளம்பினோம். பர்லியாறுக்கு மேலே மரம் சாய்ந்து, அதோடு மண்ணும் சரிந்து பாதையை மூடியிருந்தது. வண்டியைத் திருப்பிக் கோத்தகிரி வழியாக இறங்கினோம். என் வீட்டுக்காரருக்கு அந்தப் பாதையின் வளைவெல்லாம் மனப்பாடம், ஆனால் அன்றைக்கு மூடுபனியில் வண்டிக்கு முன்னால் பத்தடிக்கு மேல் தெரியவில்லை. விமான நிலைய வாசலை அடைந்தபோது கவுண்டர் மூடி இருபத்தைந்து நிமிடம் ஆகியிருந்தது.

ஆகவே மழைக்காலமோ இல்லையோ, விமானத்துக்கு முந்தின நாளே மலை இறங்கிவிடுங்கள். மேட்டுப்பாளையத்திலோ காரமடையிலோ ஒரு சொந்தக்காரர் வீடு இல்லாத குன்னூர்க்காரர் உண்டா? அங்கே படுத்துக்கொள்ளலாம். வண்டியையும் அங்கேயே விடலாம், ஒரு வார பார்க்கிங் கட்டணம் மிச்சம்.

இரண்டாவது தடவை நாங்கள் எடுத்த வழி நீலகிரி எக்ஸ்பிரஸ். மேட்டுப்பாளையத்தில் இரவு ஒன்பது மணி வாக்கில் கிளம்பி, காலையில் சென்ட்ரலில் இறக்கிவிடும். சென்ட்ரலிலிருந்து விமான நிலையத்துக்கு மெட்ரோ நேராகவே போகிறது. மழை பெய்தாலும் பகலிலேயே மலை இறங்கிவிடுவதால் மாற்றுப்பாதைக்கு நேரம் இருக்கும். இதில் போனால் சென்னையில் பத்து மணிக்கு மேல் கிளம்பும் விமானமாக எடுங்கள். விடியற்காலை விமானம் என்றால் இது சரிப்படாது.

4. விமான டிக்கெட்டில் உள்ள பொறி

எங்கள் ஏஜெண்ட் கோயம்புத்தூர்–சென்னை ஒரு நிறுவனத்திலும், சென்னை–போர்ட் பிளேர் இன்னொரு நிறுவனத்திலும் தனித்தனியாகப் போட்டிருந்தார். அதில் ஆளுக்கு ஏழெட்டு நூறு மிச்சம் என்றார். முதல் விமானத்தை விட்டதும் இரண்டாவது நிறுவனத்துக்குப் போன் செய்தேன். "நீங்கள் கோயம்புத்தூரிலிருந்து வருவது எங்களுக்குத் தெரியாதே மேடம்" என்றார்கள். அவர்கள் சொன்னதும் நியாயம்தான். இரண்டும் வேறு வேறு டிக்கெட். வழியில் விமானம் மாறுவதாக இருந்தால் இரண்டும் ஒரே பிஎன்ஆர் எண்ணில் வரும்படி எடுங்கள். முதல் விமானம் தாமதமானால் அடுத்ததில் ஏற்றிவிடும் பொறுப்பு அவர்களுடையது. நாமே தாமதமாகப் போனால் எதுவும் உதவாது என்பது வேறு விஷயம்.

விமானத்தைத் தவறவிட்டால் எல்லாமே போச்சு என்று விட்டுவிடாதீர்கள். டிக்கெட் பணம் திரும்ப வராவிட்டாலும், அதில் சேர்த்து வாங்கிய வரிகளையும் விமான நிலையக் கட்டணத்தையும் திருப்பித் தர வேண்டும். அவர்களாகச் சொல்ல மாட்டார்கள், நாம்தான் கேட்க வேண்டும். எங்களுக்கு நான்கு பேருக்கும் சேர்த்து மூவாயிரத்துச் சொச்சம் வந்தது. அழுத கண்ணைத் துடைக்க அதாவது கிடைத்தது.

சென்னையிலிருந்து போர்ட் பிளேர் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். கப்பலிலும் போகலாம், ஏறக்குறைய மூன்று நாள் ஆகும். என் மாமியார் அதைத்தான் விரும்பினார். சிறுமியாக இருந்தபோது தலைமன்னாரிலிருந்து ராமேஸ்வரத்துக்குக் கப்பலில் வந்தவர், அதற்குப் பிறகு கடலையே பார்க்கவில்லை. ஆனால் கப்பல் மாதத்துக்குச் சில தடவைதான், தேதியும் மாறும். லீவு கணக்குப் பார்க்கிறவர்களுக்கு ஒத்துவராது.

5. ஃபெர்ரி: விமானத்துக்கு அடுத்ததாக இதைப் போடுங்கள்

போர்ட் பிளேர் வெறும் வாசல்தான். நாம் படத்தில் பார்க்கும் கடற்கரைகள் ஹேவ்லாக்கிலும் நீலிலும் இருக்கின்றன. அங்கே கடல் வழியாகத்தான் போக முடியும். தனியார் ஃபெர்ரி ஹேவ்லாக்குக்கு ஒன்றரை முதல் இரண்டரை மணி நேரம், ஆளுக்கு ஒரு வழிக்கு 1,400 ரூபாய் வாக்கில் கொடுத்தோம். அரசுக் கப்பல் மிக மலிவு. ஆனால் அதில் இடம் பிடிப்பது மே மாதத்தில் ஊட்டி மலை ரயிலில் இடம் பிடிப்பது போலத்தான்.

முதல் நாளே ஹேவ்லாக் போய்விடலாம் என்று நினைக்காதீர்கள். நண்பகலுக்கு மேல் இறங்கினால் கடைசி ஃபெர்ரியைப் பிடிப்பது நிச்சயமில்லை. முதல் இரவு போர்ட் பிளேரில் தங்குங்கள். சாயங்காலம் செல்லுலார் சிறைக்குப் போகலாம், ஒலி ஒளிக் காட்சிக்கு முன்கூட்டியே டிக்கெட் எடுத்துவிட்டால். அந்த ஊரில் தமிழ் நன்றாகவே செல்லும். ஆட்டோக்காரர் தமிழ், மெஸ்காரர் தமிழ், முருகன் கோயிலும் உண்டு. காய்கறிக் கடையில் கேரட் விலை கேட்டு அத்தை வாயில் கை வைத்துக்கொண்டார். "எல்லாம் மெட்ராஸ்ல இருந்து வருதும்மா" என்றார் கடைக்காரர். நம் ஊர்ப் பக்கத்துக் கேத்தியிலிருந்து கிளம்பிய கேரட்டாக இருந்தாலும் இருக்கும்.

அதைவிட முக்கியம், கடைசி இரவும் போர்ட் பிளேரில்தான் இருக்க வேண்டும். காலையில் ஹேவ்லாக்கில் ஃபெர்ரி ஏறி மதியம் விமானம் பிடிக்கிறேன் என்று திட்டம் போட்டால், காற்று சற்று பலத்தாலும் மாட்டிக்கொள்வீர்கள். ஃபெர்ரியை நிறுத்தினால் ஃபெர்ரிப் பணம் திரும்ப வரும், விமானப் பணம் வராது. மண்சரிவில் நாங்கள் கற்ற பாடம்தான் இது, இங்கே மண்ணுக்குப் பதில் அலை.

குமட்டல் வரும் ஆட்கள் மாத்திரையை ஏறுவதற்கு அரை மணி நேரம் முன்பே போட்டுக்கொள்ளுங்கள். பதினான்கு கொண்டை ஊசி வளைவில் வளர்ந்தவர்களுக்கு இதெல்லாம் வராது என்று நான் பெருமை பேசினேன். முக்கால் மணி நேரத்தில் பையைத் தேடினேன்.

6. பெட்டியில் என்ன வைப்பது

பருத்தித் துணி, முழுக்கை மெல்லிய சட்டை, தொப்பி, சன்ஸ்கிரீன். நம் ஊர் வெயிலும் தோலைச் சுடும், ஆனால் குளிர்காற்று அடிப்பதால் நமக்கு உறைக்காது. அந்தப் பழக்கத்தில் பதினோரு மணிக்கு வெறும் உடம்போடு கடலில் நின்ற என் வீட்டுக்காரருக்கு, இரவு முதுகைப் படுக்கையில் வைக்க முடியவில்லை.

தண்ணீர் விஷயமும் அப்படித்தான். குளிரில் இருக்கும் நாம் நாளுக்கு நாலு டம்ளர் குடித்தாலே அதிகம். அங்கே வியர்வை ஊற்றுகிறது. இரண்டாவது நாள் மகளுக்குத் தலைவலியும் வாந்தியும். ஓஆர்எஸ் பொட்டலம் பத்து எடுத்துப் போங்கள், இளநீரையும் விடாதீர்கள்.

காலையிலும் சாயங்காலமும் கரையோரம் மணல் ஈ கடிக்கும். கண்ணுக்கே தெரியாது, ஆனால் தடிப்பு ஒரு வாரம் இருக்கும். காலில் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டால் கொஞ்சம் தப்பிக்கலாம். சொறிந்தால் புண்ணாகிவிடும். அத்தை கொண்டுவந்த நீலகிரித் தைலத்தை எல்லாருக்கும் தடவிவிட்டார். கடித்தது நிற்கவில்லை, எங்கள் அறை மட்டும் ஊட்டி மாதிரி மணத்தது.

வர்க்கி எடுத்துப் போகாதீர்கள். ஒரு கிலோ கொண்டுபோனோம். ஹேவ்லாக்கில் பொட்டலத்தைப் பிரித்து வைத்த மறுநாள் காலையில் எடுத்தால், நொறுங்க வேண்டிய வர்க்கி ஈரத்துணி போல மடங்கியது. உப்புக் காற்று எதையும் விடாது. டிபன் டப்பாவின் மூடிக்குள்கூட ஈரம் பூத்திருந்தது.

கையில் ரொக்கம் வைத்திருங்கள். ஹேவ்லாக்கில் ஏடிஎம்கள் ஒன்றிரண்டு உண்டு. பணம் தீர்ந்துபோவதும், நெட்வொர்க் இல்லாமல் போன் வழிப் பணம் போகாமல் நிற்பதும் சகஜம். நாங்கள் பதினைந்தாயிரம் ரொக்கமாக வைத்திருந்தது சரியாக இருந்தது.

7. கடிகாரத்தை நம்பாதீர்கள், சூரியனைப் பாருங்கள்

குன்னூரும் ஹேவ்லாக்கும் பூமத்திய ரேகையிலிருந்து ஏறக்குறைய ஒரே தூரத்தில்தான் இருக்கின்றன. ஆனால் அந்தமான் நமக்கு வெகு கிழக்கே இருக்கிறது. கடிகாரம் ஒன்றுதான், சூரியன் மட்டும் ஒரு மணி நேரம் முந்திக்கொள்கிறது. பிப்ரவரியில் ஐந்தரைக்கே அஸ்தமனம். ஆறு மணிக்குக் கும்மிருட்டு. முதல் நாள் நாங்கள் ஊர் வழக்கப்படி சாப்பிட்டு, தூங்கி எழுந்து, டீ குடித்து, ஐந்து மணிக்கு ராதாநகர் கடற்கரைக்குக் கிளம்பினோம். போய்ச் சேரும்போது எல்லாரும் திரும்பிக்கொண்டிருந்தார்கள். விசில் ஊதித் தண்ணீரிலிருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

ஆகவே ஐந்து மணிக்கு எழுந்து ஆறு மணிக்குக் கடற்கரையில் இருங்கள். பத்தரைக்கு அறைக்குத் திரும்பி, மூன்று மணிக்கு மறுபடி போங்கள். மேற்குக் கரையில் இருக்கும் ராதாநகரைச் சாயங்காலத்துக்கும், கிழக்குப் பக்கத்துக் காலாபத்தரைக் காலைக்கும் வைத்துக்கொள்ளுங்கள். ராதாநகர் படகுத்துறையிலிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர் வாக்கில் தள்ளி இருக்கிறது. இருட்டிய பிறகு ஆட்டோ கிடைக்காது, கிடைத்தால் கேட்ட பணத்தைத் தர வேண்டும். போகும்போதே காத்திருந்து திரும்பக் கூட்டி வருவதற்கும் சேர்த்துப் பேசிவிடுங்கள். டாக்ஸிக்காரரின் மனைவி சொல்கிறேன், நம்புங்கள்.

மறுநாள் மூன்று மணிக்கே போனோம். வானத்தை மறைக்கும் உயரத்தில் மரங்கள், நம் சோலைக்காடு மாதிரி இருட்டு. அதற்குள் பத்து நிமிடம் நடந்தால், கதவைத் திறந்தாற்போல வெளிச்சம். மணல் ரவை போலக் காலில் ஒட்டுகிறது. தண்ணீரில் கால் வைக்கும்போது, ஜில்லென்றுதான் இருக்கும் என்று உடம்பு தானாகச் சுருங்கியது. வெந்நீரில் தண்ணீர் விளாவியது போல வெதுவெதுப்பாக இருந்தது. நாங்கள் மூவரும் அலையில் புரண்டோம். அத்தை புடவையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டு ஒரே இடத்தில் நின்றார். ஒவ்வொரு அலை திரும்பும்போதும் காலடி மணல் கரைந்து, ஒரு சாண் புதைந்தார். கூப்பிட்டும் வரவில்லை. விசில் ஊதிய பிறகுதான் காலைப் பிடுங்கிக்கொண்டு வந்தார்.

ஓதத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள். கடல் வற்றும் நேரம் ஹேவ்லாக்கின் கிழக்குக் கரையில் தண்ணீர் வெகுதூரம் பின்வாங்கிவிடும். அப்போது குளிக்க முடியாது, செத்த பவளப் பாறை காலைக் கிழிக்கும். அறை எடுக்கும்போது கடல் பார்த்த அறை என்று ஆயிரம் ரூபாய் கூடக் கேட்டால், எத்தனை மணிக்குக் கடல் இருக்கும் என்று திருப்பிக் கேளுங்கள். ஹோட்டலில் அன்றன்றைக்கு ஓத நேரம் சொல்லிவிடுவார்கள்.

எச்சரிக்கைப் பலகைகளை மதியுங்கள். அந்தமானில் உப்புநீர் முதலைகள் உண்டு. 2010-ல் ராதாநகரை ஒட்டிய இடத்திலேயே ஒரு வெளிநாட்டுப் பயணியை முதலை கொன்றது. அலையாத்திக் காட்டு ஓடைகள் கடலில் சேரும் இடங்களில் இறங்காதீர்கள். குன்னூரில் காட்டெருமையோடு செல்ஃபி எடுக்கப் போகிறவர்களைப் பார்த்து நாம் என்ன திட்டுகிறோம் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

பாராடாங் தீவின் குகைகளுக்கு வண்டி வரிசையில் கூட்டிப் போவதாகச் சொல்வார்கள். அந்தச் சாலை ஜாரவா பழங்குடி மக்களின் காப்பகத்துக்குள் போகிறது. அவர்களைப் படம் எடுப்பது குற்றம். நம் மலையின் தோடர் பழங்குடியினர் வாழும் மந்துக்குள் கேமராவோடு நுழைகிறவர்களைப் பார்த்தே எனக்கு எரிச்சல் வரும், அதனால் நாங்கள் போகவில்லை.

8. கடலுக்கடியில் போக ஆசை இருந்தால்

முதன்முறைக்காரர்களுக்கான ஸ்கூபா, பயிற்சியாளர் கூடவே வருவார், ஆளுக்கு 4,000 ரூபாய் கொடுத்தோம். நீச்சல் தெரிய வேண்டாம். பத்து வயது ஆகியிருக்க வேண்டும், அதனால் மகளுக்கு இல்லை. அழுதாள். எலிஃபண்ட் பீச்சுக்குப் படகில் கூட்டிப்போய், முகமூடி மாட்டி மேலேயே மிதந்து பார்க்கும் ஸ்நோர்க்லிங் செய்ய வைத்தோம். ஆளுக்கு ஆயிரம் ரூபாய். உண்மையைச் சொன்னால் அவள் பார்த்த மீன்கள்தான் அதிகம்.

முன்னதாக ஒரு மருத்துவப் படிவம் தருவார்கள். இளைப்பு, இதயக் கோளாறு, காது அறுவை சிகிச்சை என்று எதற்காவது ஆமாம் போட்டால் டாக்டர் சான்றிதழ் கேட்பார்கள். தீவில் அதற்கு அலைய வேண்டாம், ஊரிலேயே நம் டாக்டரிடம் வாங்கிப் போங்கள். பொய்யாக இல்லை என்று போடாதீர்கள். சளி இருந்தால் இறங்கவே வேண்டாம்.

காது விஷயம் நமக்குப் பழக்கமானது. மலை இறங்கும்போது பர்லியாறு தாண்டினால் காது அடைக்கும், எச்சில் விழுங்குவோம். அதேதான் கடலுக்கடியிலும், ஆனால் வேகம் வேறு. குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் வரை ஒரு மணி நேரத்தில் காது தாங்கும் அழுத்த மாற்றம், கடலில் இரண்டு மீட்டர் இறங்குவதற்குள்ளேயே வந்துவிடும். ஆகவே ஒவ்வொரு அடிக்கும் மூக்கைப் பொத்தி மெதுவாக ஊத வேண்டும். வலித்தால் கையால் சைகை காட்டி மேலே வந்துவிடுங்கள், கூச்சப்படாதீர்கள்.

டைவ் முடித்த அன்றைக்கே விமானம் ஏறக் கூடாது. அழுத்தம் குறைந்தால் உடம்பில் கரைந்த நைட்ரஜன் குமிழாக மாறும். ஒரு டைவுக்கே குறைந்தது பன்னிரண்டு மணி நேரம், பல டைவ் என்றால் பதினெட்டு மணி நேரம் விட வேண்டும். முழு ஒரு நாள் விடுவது நல்லது. இதை எல்லாரும் சொல்வார்கள். நமக்கு மட்டும் பொருந்துகிற ஒன்றை யாரும் சொல்வதில்லை: மலை ஏறுவதும் விமானம் ஏறுவதும் இதில் ஒன்றுதான். விமானத்துக்குள் இருக்கும் காற்றழுத்தம் ஆறாயிரம், எட்டாயிரம் அடி உயரத்தில் இருப்பது போன்றது. ஊட்டி ஏழாயிரத்து முந்நூறு அடிக்கு மேல். அந்தமானிலிருந்து வரும்போது எப்படியும் நேரம் கடந்துவிடும். ஆனால் நாளைக்கே வேறு ஏதாவது கரையில் டைவ் செய்துவிட்டுக் காரில் நேராக மலை ஏறாதீர்கள்.

9. சிப்பி எடுக்காதீர்கள்

போர்ட் பிளேர் விமான நிலையத்தின் புதிய முனையம், 2023-ல் திறந்தது, சிப்பி வடிவில் கட்டியது. அந்தக் கட்டடத்துக்குள்தான் என் மகளின் பையிலிருந்த பதினேழு சிப்பிகள் எக்ஸ்ரேயில் தெரிந்தன. கரையில் பொறுக்கிய சிப்பி, பவளத் துண்டு எதையும் தீவை விட்டு எடுத்துவர விடமாட்டார்கள். சிலவகைச் சங்குகளும் பவளங்களும் வனவிலங்குச் சட்டத்தில் வருகின்றன, அபராதத்தோடு நிற்காது. கடையில் வாங்கினால் ரசீதைப் பத்திரமாக வைத்திருங்கள். பாதுகாப்புப் படைக்காரர் எல்லாவற்றையும் எடுத்து ஒரு தட்டில் கொட்டச் சொன்னார், அதோடு விட்டார். தட்டில் கிடந்த ஒரு சிப்பி எழுந்து நடந்தது. உள்ளே துறவி நண்டு இருந்திருக்கிறது, இரண்டு நாளாக மகளின் பைக்குள். அவள் அதற்குப் பிறகு அழவில்லை, சென்னை வரும்வரை பேசவும் இல்லை.

10. மொத்தம் எவ்வளவு ஆனது

நான்கு பேர், போர்ட் பிளேரில் இரண்டு இரவு, ஹேவ்லாக்கில் மூன்று இரவு. நீல் தீவை அத்தைக்காக விட்டுவிட்டோம். விமானம் போக வர ஐம்பதாயிரம், இரண்டு மாதம் முன்பு போட்டதால் இந்த விலை. ரயில் ஸ்லீப்பர் மூவாயிரம். ஃபெர்ரி 11,500. ஐந்து இரவுக்கும் கூடுதல் படுக்கையோடு ஒரே அறை, 14,500. சாப்பாடு பதினோராயிரம். ஆட்டோவும் ஒரு நாள் வாடகை ஸ்கூட்டரும் ஏழாயிரம். ஸ்கூபா, படகு எல்லாம் பன்னிரண்டாயிரம். கூட்டினால் ஒரு லட்சத்து ஒன்பதாயிரம். சீட்டுப் பணத்துக்கு மேலே ஒன்பதாயிரம். நவம்பரில் தொலைத்ததை இதில் சேர்க்கவில்லை, வீட்டுக்காரர் சேர்க்க விடமாட்டார்.

குறைக்க வேண்டுமானால் ஸ்கூபாவையும் அரை நாள் படகுச் சவாரிகளையும் விடுங்கள். கடைசி இரவை மட்டும் விடாதீர்கள்.

11. திரும்பி மலை ஏறும்போது

சென்னையில் மாலைக்குள் இறங்கினால் இரவு ஒன்பது மணி வாக்கில் கிளம்பும் நீலகிரி எக்ஸ்பிரஸ் கிடைக்கும். காலை ஆறு மணி சுமாருக்கு மேட்டுப்பாளையம். 7.10 மலை ரயிலுக்கு டிக்கெட் வைத்திருந்தால் சரி, இல்லாவிட்டால் பேருந்து.

உங்கள் வண்டி நீலகிரிப் பதிவான டிஎன் 43 என்றால் நேராக ஏறிவிடலாம். கோயம்புத்தூர்த் தம்பியின் காரில் வருகிறீர்கள் என்றால், நீலகிரிக்குள் வண்டி நுழைவதற்கான இ-பாஸ் இருக்கிறதா என்று முதல் நாளே பாருங்கள். 2024 மே முதல் வெளிப்பதிவு வண்டிகளுக்கு அது வேண்டும், உள்ளே இருப்பவர் குன்னூர்க்காரரா என்பது கணக்கில்லை. அரசுப் பேருந்துக்கு அந்தத் தொல்லை இல்லை.

ஸ்வெட்டர்களைப் பெரிய பெட்டியின் அடியில் வைத்துப் பூட்டிவிட்டோம். போர்ட் பிளேரின் முப்பது டிகிரியில் அது சரியாகத்தான் தோன்றியது. பிப்ரவரிக் காலை பேருந்தின் ஜன்னல் மூடவில்லை, பெட்டி கூரை மேல். ஆளுக்கொரு ஸ்வெட்டரைக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள், கல்லாறு பாலம் வருவதற்குள் போட்டுவிடுங்கள்.